அளவுக் கல்லில் இல்லாத எண்

போன மாதம் உங்களையெல்லாம் குடவாசலுக்குக் கிழக்கே இருக்கும் கடைசி மதகுக்கு, நம் பேச்சில் ரெகுலேட்டருக்கு, அழைத்துப்போனார்கள். புதிதாகப் பணியில் சேர்ந்த உதவிப் பொறியாளர்களுக்குக் களப்பயிற்சி. ஓய்வு பெற்றவள் ஒருத்தி கூடவே வந்து பழைய கதை பேசவேண்டும் என்பதும் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. தேநீருக்கும் குழுப் புகைப்படத்துக்கும் நடுவே எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

மதகின் பக்கச் சுவரில், தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்ப்பதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் பதித்த அளவுக் கல்லை உங்களில் ஒருவர்தான் கவனித்தார். "மேடம், I, II, III-ன்னு மேல போகுது. சைபர் எங்க?" என்று கேட்டார். ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "ரோமானியர்களிடம் சைபர் கிடையாது" என்று சொல்லிவிட்டு நான் வண்டியில் ஏறிவிட்டேன். சட்டமன்றக் கேள்விக்கு நாம் தயாரிக்கும் பதில் மாதிரி அது. பிழை இருக்காது, யாருக்கும் பயனும் இருக்காது. முழுப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

ரோமானிய எண்கள் இருப்பதைக் குறிக்கப் பிறந்தவை. ஓர் ஆடு இருந்தால் ஒரு கோடு, மூன்று இருந்தால் மூன்று கோடு. ஆடே இல்லையென்றால் கோடு போட யாரும் குனியமாட்டார்கள். பத்துக்கு X, நூறுக்கு C என்று தனித்தனி எழுத்து இருந்தது. நாம் பத்து என்று எழுத ஒன்றை அடுத்த இடத்துக்குத் தள்ளி, காலியான இடத்தைச் சுழியால் அடைத்துவைக்கிறோம். அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, X எங்கே நின்றாலும் பத்துதான். கூட்டல் கழித்தலைக் கட்டம் போட்ட பலகையில் கூழாங்கற்களை நகர்த்திச் செய்தார்கள். ஒரு கட்டத்தில் கல் இல்லையென்றால் அது காலிக் கட்டம். காலிக் கட்டத்துக்கு எதற்குப் பெயர்? 'ஒன்றுமில்லை' என்று எழுதியே தீரவேண்டிய இடத்தில் எண்ணை விட்டுவிட்டுச் சொல்லால் எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டு, சுழியைக் கண்டுபிடித்தது நம் நாடு என்று யாரும் மார் தட்டவேண்டாம். நம்முடைய பழைய தமிழ் எண்களிலும் அப்படித்தான். பத்துக்கு ௰, நூறுக்கு ௱. இருநூற்று மூன்றை ௨௱௩ என்று எழுதினால் முடிந்தது, நடுவில் சுழிக்கு வேலையில்லை. இந்தப் பக்கம் நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை 'ஒன்று' என்றுகூடச் சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்று தொடங்குவார்கள். வெறும் மரக்காலை யாராவது எண்ணியிருக்கிறார்களா? சுழி, சைபர், பூஜ்யம், பரீட்சைத் தாளில் முட்டை என்று இல்லாததற்கு இன்று நம்மிடம் ஏகப்பட்ட பெயர்கள் உண்டு. அவசரத்தில் ஒன்றும் வாயில் வராது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் உங்களைப் போல உதவிப் பொறியாளராக இருந்த காலம். அந்த ஆண்டு மேட்டூரில் தண்ணீர் குறைவு. இருந்ததை முறை வைத்து விட்டோம். சில நாள் தலைப்பக்கத்து மேல்மடைக்கு, சில நாள் வாய்க்கால் முடியும் கடைமடைக்கு. எந்த மதகை எப்போது திறப்பது என்று தினம் முடிவெடுத்தவர் எங்கள் உபகோட்ட அதிகாரி, எஸ்டிஓ. அவர் பெயரை எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்திருந்தால் அவரே வேண்டாமென்பார். நெட்டையான மனிதர். கைபேசியை எறும்பு ஏறிய பொருளைப் போலக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே பிடிப்பார்.

தினம் காலையில் ஒவ்வொரு மதகிலிருந்தும் லஸ்கர் கூப்பிட்டு அளவு சொல்லவேண்டும். மதகைத் திறந்து மூடிக் காவல் பார்ப்பவர்தான் லஸ்கர். மற்றவர்கள் "ரெண்டரை சார்", "மூணு சார்" என்று முடித்துக்கொள்வார்கள். நீங்கள் பார்த்த அந்தக் கடைசி மதகின் லஸ்கர் சவரிமுத்து மட்டும் முடிக்கமாட்டார். "சார், வாய்க்கால்ல நண்டு வளை தெரிய ஆரம்பிச்சிடுச்சு சார். நேத்து நாலு கொக்கு நின்னுச்சு, இன்னைக்கு அதுவும் வேற ஊருக்குப் போயிடுச்சு சார்" என்று இழுத்துக்கொண்டே போவார்.

அதற்குக் காரணமும் இருந்தது. அந்த மதகுக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தார். அவருடைய அப்பா அதே வயலில் பண்ணையாளாக இருந்தவர். கூலிக்கு இறங்கிய சேற்றில் மகன் சாகுபடிக்காரராக இறங்கியிருந்தார். அந்த வயலைப் பற்றிப் பேசும்போது சவரிமுத்துவின் குரலே மாறிவிடும். அப்போது பயிர் தொண்டைக்கதிரில் நின்றது. கதிர் வெளியே வரத் தயாராகத் தோகைக்குள் இருக்கும் பருவம் அது. அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வரும், உள்ளே அரிசி இருக்காது.

வாரக் கூட்டத்தில், எல்லா லஸ்கர்களும் நிற்க, எஸ்டிஓ பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் அளவு சொல்றாங்க. நீ மட்டும் காலங்காத்தால ஒப்பாரி வைக்கிற. ஊருக்காக அழுவுறியா சவரி, உன் ஒன்றரை ஏக்கருக்கு அழுவுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சவரிமுத்துவும் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே கல்லுல எந்த எழுத்துல தண்ணி நிக்கிதோ, அத மட்டும் சொல்றேங்க சார்" என்றார். எஸ்டிஓவுக்குத் திருப்தி. ஓர் உத்தரவு பிறப்பித்தோம், கீழ்ப்படிந்துவிட்டார்கள் என்று தோன்றும் நிமிடத்தில்தான் நம் வேலையில் அதிகம் கவனமாக இருக்கவேண்டும். இதை எந்த நடைமுறை நூலிலும் தேடாதீர்கள். நான் எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

அடுத்து நடந்தது இது. மேல்மடைக்கு முறை ஓடிக்கொண்டிருந்தது. கடைமடையில் போன முறைத் தண்ணீர் இன்னும் நிற்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் மேலே நீட்டிப்பதா, அடைத்துவிட்டுக் கீழே விடுவதா என்று தீர்மானிக்கவேண்டும். காலையில் சவரிமுத்து கூப்பிட்டார். எனக்கு எஸ்டிஓ பேசியது மட்டும்தான் கேட்டது.

"சொல்லு சவரி, என்ன?"

பதில் வந்தது. "நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாரும்மா, ஒரு தடவை சொன்னதுக்கு மனுசன் திருந்திட்டான். நேத்தும் ஒரே வார்த்தை, இன்னைக்கும் ஒரே வார்த்தை. கடைமடையில ஒண்ணும் பிரச்சினை இல்லையாம்."

அப்போதே வராந்தாவில் மேல்மடை விவசாயிகள் கூடியிருந்தார்கள். அவர்களுக்குப் பேச ஆள் கோவிந்தராஜ். நல்ல சாகுபடிக்காரர், அதைவிட நல்ல வாய்.

"பயிர் பால் புடிச்சு நிக்கிது சார். இன்னும் ரெண்டு நாளு விட்டீங்கன்னா அடுத்த வருசம் வரைக்கும் உங்களத் திட்டமாட்டோம்."

"அடுத்த வருசம் நான் இங்க இருக்கமாட்டேன்யா, தைரியமாத் திட்டுங்க. எடுத்துக்கங்க ரெண்டு நாள்" என்றார் எஸ்டிஓ. சிரித்துக்கொண்டே போனார்கள்.

அன்று வேறு மதகுகளைப் பார்த்துவிட்டு வலங்கைமானில் ஒரு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனபோது நேரம் தாண்டிவிட்டது. பெஞ்சுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். எஸ்டிஓ கையைக் கழுவிக்கொண்டே, "என்னண்ணே இருக்கு?" என்று கேட்டார். பரிமாறுகிறவர் மேசையைத் துடைத்தபடி நிமிராமலே சொன்னார்:

"ஒண்ணும் இல்லைங்க சார்."

எஸ்டிஓ ஈரக் கையோடு அப்படியே நின்றார். முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லைங்கன்னேன் சார். எல்லாம் தீந்துபோச்சு. ரசம் மட்டும் இருக்கு, ஊத்தட்டுமா?"

எஸ்டிஓ என்னைப் பார்த்தார். "ஏம்மா, சவரியும் இதே வார்த்தையத்தான் சொன்னான்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. உடம்புக்கு என்ன, வீட்டில் என்ன விசேஷம், ஏன் முகம் வாடியிருக்கிறது என்று யார் என்ன கேட்டாலும் நாம் சொல்லும் சமாதானம் "ஒண்ணும் இல்லை". அரிசிப் பானை கவிழ்ந்து கிடந்தாலும் அதே வார்த்தைதான். இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே குரலில் வரும்.

ஜீப்பிலிருந்தே சவரிமுத்துவைக் கூப்பிட்டோம். சிக்னல் இல்லை. ரசமும் இல்லாமல் கிளம்பினோம்.

நாங்கள் போனபோது சவரிமுத்து மதகின் மேல்தளத்தில் உட்கார்ந்து பல்சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். கீழே வாய்க்காலில் சேறு காய்ந்து ஓடு ஓடாகப் பிளந்திருந்தது. உள்ளே இறங்கினோம். அளவுக் கல்லில் I என்ற எழுத்து எங்கள் முழங்கால் உயரத்தில் சும்மா நின்றது. அதற்குக் கீழே வெறும் கல்.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் எஸ்டிஓ.

"நேத்து காலையிலேர்ந்து சார்."

"சொல்லக்கூடாதாய்யா?"

"சொன்னேங்களே சார். நேத்தும் சொன்னேன், இன்னைக்கும் சொன்னேன். ஒண்ணும் இல்லைங்கன்னு." கல்லைக் கையால் காட்டினார். "அந்த ஒண்ணும் இல்லைங்க சார். அதுக்குக் கீழ எழுத்து இல்லியே, நான் என்னான்னு சொல்லுவேன்?"

"தண்ணியே இல்லைன்னு சொல்லலாமே."

"அது அளவு இல்லையே சார்" என்றார் சவரிமுத்து. "அது அழுவுறது."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உத்தரவை அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். தன் வயலும் அந்த வாய்க்காலில் இருப்பதால், ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாலும் சொந்தத்துக்குத் தண்ணீர் கேட்டான் என்று ஆகிவிடும் என்று பயந்திருந்தார். எஸ்டிஓ வயலைக் காட்டச் சொன்னார். வரப்பில் நடந்துபோனோம். தோகை ஓலைபோலச் சுருண்டிருந்தது. எஸ்டிஓ ஒரு தூரை விரித்து, உள்ளே ஒளிந்திருந்த கதிரை நகத்தால் தடவிப் பார்த்தார். பச்சையாகத்தான் இருந்தது. "இன்னும் உசுரு இருக்கு" என்றார். சவரிமுத்து எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். இரண்டு நாள் மேல்மடைக்கென்று ஊரார் முன்னிலையில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் கிளம்பி இங்கே வந்து சேரும்போது சவரிமுத்துவின் வயல் மாட்டுக்குத்தான் ஆகும். வாக்கை மீறவேண்டும் என்றால் ஒரு காரணம் சொல்லியாகவேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் அருமையான காரணம் ஒன்று இருந்தது: லஸ்கர் அளவைத் தெளிவாகத் தெரிவிக்கத் தவறினார். அவர்மேல் குற்றக் குறிப்பாணை எப்படி எழுதுவது, எந்த விதியை மேற்கோள் காட்டுவது, விளக்கம் கேட்க எவ்வளவு அவகாசம் தருவது எல்லாம் எனக்கு அத்துப்படி. எஸ்டிஓவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அதில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று யாரும் நிரூபித்திருக்க முடியாது.

மேல்மடை ரெகுலேட்டருக்குத் திரும்பினோம். கோவிந்தராஜும் ஆட்களும் கரையில் இருந்தார்கள். எஸ்டிஓ ஜீப்பிலிருந்து இறங்கியதுமே சொன்னார்:

"காலையில ரெண்டு நாள்னு சொன்னேன். இப்ப அடைக்கப்போறேன். கடைமடை காஞ்சு கெடக்கு."

"என்ன சார் இது, வாக்குக் குடுத்துட்டு!"

"குடுத்தேன். தப்பாக் கேட்டுட்டுக் குடுத்தேன்."

"யாரு தப்பாச் சொன்னது? அந்த லஸ்கரா?" கூட்டத்தில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சொன்னவன் சரியாத்தான் சொன்னான். காதுதான் என்னுது."

"அப்ப காதுக்கு எண்ணெய் ஊத்துங்க சார்" என்றார் கோவிந்தராஜ். "எங்க தண்ணிய ஏன் ஊத்துறீங்க?"

யாரோ சிரித்தார்கள். எஸ்டிஓவும் சிரித்துவிட்டார், ஆனால் நகரவில்லை. "கோவிந்தராஜ், உங்க பயிர் பால் புடிச்சாச்சு. நீங்களே சொன்னீங்க. இந்தத் தண்ணி உங்களுக்கு இன்னும் ரெண்டு மூட்டை. அங்க இன்னும் கதிரே வெளிய வரல. வேணும்னா ஜீப்புல ஏறுங்க, காட்டுறேன்."

கோவிந்தராஜ் ஏறவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் கண் எதிரே ஓடுகிற தண்ணீரை, தான் பார்த்தேயிராத இன்னொருவன் வயலுக்காக நிறுத்தச் சம்மதிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஆற்றோரம் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். "அடைங்க" என்றார் கடைசியில். "ஆனா ஓரத்துல ஒரு கண்ண மட்டும் ஒரு சாண் தூக்கி வைங்க. நானும் வீட்டுக்குப் போயி பதில் சொல்லணும்ல?"

அது விதிப்படி கிடையாது. எஸ்டிஓ ஓரத்துக் கண்ணின் அடைப்புப் பலகையை ஒரு சாண் தூக்கிவைத்தார்.

மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். "நான் காதில் வாங்கியதில் பிழை" என்று எஸ்டிஓ ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னார் என்று பின்னால் தெரிந்தது. அதன் பிறகு எங்கள் உபகோட்டத்தில் காலை அழைப்பு மாறிவிட்டது. அளவு சொல்லி முடித்ததும், "வேற என்னய்யா தெரியுது?" என்று எஸ்டிஓ கேட்பார். அதற்குப் பதிலாகக் கொக்கு வரும், நண்டு வரும், மருமகள் பிரசவம் வரும். கேட்டுக்கொள்வார். உங்களுக்கு இப்போது கருவி பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லையென்றால் 0.00 என்று கைபேசிக்கு வந்துவிடுகிறது. மிகச் சரியான ஏற்பாடு, நான் குறை சொல்லமாட்டேன். சென்சார் கெட்டுப்போனாலும் 0.00 வரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அங்கே இருக்கும் ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்டபிறகு இன்னொரு கேள்வி கேளுங்கள்.

தண்ணீர் மறுநாள் பிற்பகலில் கடைமடைக்கு வந்தது. எஸ்டிஓ வரவேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் வந்திருந்தார். தண்ணீருக்கு முன்னால் ஒருவர் அரிவாளோடு வாய்க்காலுக்குள் நடந்து வந்தார், அடைசலை வெட்டி ஒதுக்கிக்கொண்டே. அவர் குதிகாலைத் தொடர்ந்து, சருகையும் பிளாஸ்டிக் தம்ளர்களையும் தள்ளிக்கொண்டு, பழுப்பாக ஒரு நாக்கு வந்தது. எஸ்டிஓ படியில் குத்துக்காலிட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது, எவ்வளவு என்று.

"ஒண்ணு இன்னும் தொடலை" என்றார். பிறகு, "தண்ணி இருக்கு. அப்படியே எழுது, தண்ணி இருக்குன்னு" என்றார்.

அளவு சொல்லவேண்டிய சவரிமுத்து அங்கே இல்லை. மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டிருந்தார். நான் பின்னாலேயே போனேன். மடையை வெட்டிவிட்டு வரப்பில் நின்றார். தண்ணீர் வயலில் பரவவில்லை. வெடிப்பு வெடிப்பாக இறங்கி மறைந்தது. உள்ளேயிருந்து களக் களக் என்று காற்று குமிழியாக வெளியே வந்தது.

"எங்க போகுது இவ்வளவும்?" என்றேன்.

"மொதல்ல மண்ணு குடிக்கும் மேடம்" என்றார். "குடிக்கட்டும். அதுக்கும்தானே தாகம்."

எனக்கு இப்போது தஞ்சாவூரில் மூன்றாவது மாடியில் வீடு. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. காலையில் அந்த அழைப்புகள் வந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது, கைபேசி சும்மா கிடக்கிறது. பதவி உயர்வும் பாராட்டுப் பத்திரமும் வந்தன, போயின, எதற்கும் ஏக்கமில்லை. மண் குடிக்கும் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்கவேண்டும் போலிருக்கிறது. யாரோ ஒருவர் வயலில், யாரோ ஒருவரோடு வரப்பில் நின்றுகொண்டு, அடுத்து எந்த மதகைத் திறப்பது என்று நினைத்துக்கொண்டு. உங்களுக்கு அது இன்னும் முப்பது ஆண்டுக்கு இருக்கிறது. சம்பளப் பட்டியலில் அது வராது என்பதால் சொல்லிவைக்கிறேன்.

அந்தப் போகத்தில் சவரிமுத்துவின் வயலில் மேற்குப் பாதி தேறியது. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேர்ந்த கிழக்குப் பாதி தேறவில்லை. அறுப்புக்கு முன் எஸ்டிஓ பார்க்க வந்தார். மேற்கே கதிரெல்லாம் பாரத்தில் குனிந்திருந்தது. கிழக்கே எல்லாம் நிமிர்ந்து, காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் அதுதான் அழகாக இருந்தது. எஸ்டிஓ அதில் ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார். பதர் பறந்துவிட்டது. சவரிமுத்து, "பாதி வந்துச்சே சார், போதும் சார்" என்றார். எஸ்டிஓ விரித்த கையை உடனே மடக்கவில்லை.